எலி மறுபடி தின்னும் நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மூளையின் ஒரு பகுதியைச் சிதைத்தால் எலியின் நடத்தை எப்படி மாறும்? எந்தப் பகுதி என்று எல்லோரும் கேட்பார்கள். சிதைத்து எத்தனையாவது நாள் என்று கேட்பவர்கள் குறைவு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பக்கப் பகுதியையே, அதாவது பக்க ஹைப்போதலாமஸையே எடுத்துக்கொள்வோம். 1951இல் பி.கே. ஆனந்தும் புரோபெக்கும் இருபுறமும் அதைச் சிதைத்தபோது எலிகள் தின்பதையே விட்டன. எலியை மயக்கி, மூளையில் இடத்தை அளந்து குறிக்க உதவும் ஸ்டீரியோடாக்சிக் சட்டத்தில் தலையை அசையாமல் பொருத்தி, நுனி தவிர மற்ற இடமெல்லாம் காப்பிட்ட மின்முனையை இறக்குவார்கள். 1 முதல் 2 மில்லியாம்பியர், சில வினாடிகள், அவ்வளவுதான். ஒப்பீட்டு எலிக்கும் மின்முனை இறங்கும், மின்சாரம் பாயாது.

சிதைத்த முதல் நாட்களில் எலி உணவையும் நீரையும் தொடாது. வாயில் வைத்தாலும் வெளியே தள்ளும். குழாய் வழியாக இரைப்பையில் திரவ உணவு செலுத்தாவிட்டால் செத்துப்போகும். பசி மையம் போய்விட்டது என்று அன்றே எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. மீட்சியில் நான்கு கட்டங்கள் உண்டு என்று 1962இல் டைடெல்பாமும் எப்ஸ்டீனும் காட்டினார்கள். எதையும் தொடாத அந்த நாட்கள் முதல் கட்டம். இரண்டாவதில் சுவையான ஈர உணவைக் கொஞ்சம் தின்னும்; எடையைக் காக்க அது போதாது. மூன்றாவதில் ஈர உணவைத் தேவையான அளவு தின்னும், வெறும் தண்ணீரை மட்டும் மறுக்கும். உலர் உணவை அது ஒதுக்குவது பசியின்மையால் அல்ல, உடலில் நீர் வற்றியதால். நீர் ஏற்றினால் தின்னும். பலர் சறுக்குவது இங்கேதான்.

நான்காவது கட்டத்து எலி பார்வைக்குக் குணமானதுதான். கூண்டருகே உட்கார்ந்து கவனியுங்கள்: ஒரு கடி, ஒரு மிடறு, மறுபடி ஒரு கடி, ஒரு மிடறு. உணவை எடுத்துவிட்டால், உடல் வறண்டாலும் குடிக்காது. இன்சுலின் போட்டு ரத்தச் சர்க்கரையை இறக்கினாலும் கூடுதலாகத் தின்னாது.

அறுவைக்கு முந்தைய எடையையும் குறித்து வையுங்கள். முன்கூட்டியே பட்டினியில் மெலிந்த எலிகள் வெகு சீக்கிரம் தின்னத் தொடங்கியதை 1970இல் பவுலியும் கீசியும் கண்டார்கள்.

மின்சாரம் அங்கிருக்கும் செல்களோடு, அவ்வழியே கடந்துபோகும் நரம்பிழைகளையும் எரிக்கும். மறு ஆண்டே அங்கர்ஸ்டெட் என்ற ஆய்வாளர், 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற நச்சால், அவ்வழியே கடந்துபோகும் டோபமைன் நரம்பிழைகளின் பாதையை மட்டும் அழித்துப் பார்த்தார். எலி அப்போதும் தின்னவில்லை. செல்லின் பங்கைத் தனியே அறிய இபோடெனிக் அமிலம் தேவை. அது செல்களைக் கொல்லும், இழைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

கடைசியில் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, கிரெசில் வயலட் சாயமேற்றிச் சிதைவு எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். குறி தவறிய எலிகளை நீக்குபவர், அவை என்ன தின்றன என்ற குறிப்பைப் பார்த்திருக்கவே கூடாது.