கரண்ட் வைத்தால் மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்முறை சிகிச்சையாளர். என்னிடம் வருகிறவர்களில் பலர் உட்காரும் முன்பே, "எத்தனை நாள் கரண்ட் வைக்கணும்?" என்று கேட்பார்கள். உடம்பில் ஒட்டி லேசாக மின்சாரம் செலுத்தும் கருவியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வலியைத் தணிக்க அது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். எங்கள் வேலையில் அது சின்னப் பங்கு.

தோள்பட்டை இறுக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இது அதிகம் வருகிறது. பின்னல் போட முடியாது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வரும் அவஸ்தை இது.

வந்தவரைக் கையைத் தூக்கச் சொல்வோம். அப்புறம் அவர் கையைத் தளரவிட, நாங்கள் தூக்கிப் பார்ப்போம். எங்கள் கைக்கும் வரவில்லை என்றால் மூட்டு இறுகியிருக்கிறது. எளிதாக வந்துவிட்டால் கோளாறு தசைநாரில் இருக்கலாம், சில சமயம் கழுத்து நரம்பில். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. இதையெல்லாம் பார்க்காமல் நேரே கருவியை ஒட்டுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இறுக்கம்தான் என்று தெரிந்தால், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே ஏறுவது போன்ற பயிற்சிகளைச் சொல்லித்தருவோம். வீட்டில் தினமும் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். குணமாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டும். வலி கடுமையாக இருக்கும் தொடக்கத்தில், எண்ணெய் போட்டுப் பலமாக இழுத்துவிட்டால் வலி கூடத்தான் செய்யும். ஒன்று முக்கியம்: இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் எங்களிடம் வராதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

சரி, எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. புறநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்களை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாதே? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால், பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாலு வருடப் படிப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போகும்போது பழைய எக்ஸ்ரே, சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். தோளைப் பார்க்க வசதியாகத் தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள், வேண்டுமானால், பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று போன் செய்து கேட்டுவிட்டே கிளம்பலாம். நன்றி, வணக்கம்.