கொல்லங்குடி கருப்பாயி: பாட்டுக் கட்டிய ஒரு குரல்

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். செட்டிநாடு என்றதும் ஆத்தங்குடிக் கல்லையும் கானாடுகாத்தான் வீடுகளையும் காட்டுவது காணொளிக்காரர்களின் வழக்கம்; என் சேனலும் அதற்கு விலக்கில்லை. இன்று அந்த வீடுகளை விட்டு, இதே சிவகங்கை மாவட்டத்தில், வெட்டுடையார் காளியம்மன் கோவிலால் பலரும் அறிந்த கொல்லங்குடிக்குச் செல்வோம்.

கொல்லங்குடி கருப்பாயியைப் பெரும்பாலோர் 1985-இல் வெளிவந்த 'ஆண்பாவம்' படத்தின் பாட்டியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். பாண்டியராஜன் இயக்கி, இளையராஜா இசையமைத்த அந்தப் படத்தில் அவர் நடித்ததோடு சொந்தக் குரலில் பாடவும் செய்தார். வானொலியில் ஏற்கெனவே நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிவந்தவரைத்தான் சினிமா தேடிச் சென்றது என்பது அந்தப் புகழுக்குள் மறைந்துபோயிற்று. 1993-இல் கலைமாமணி விருது பெற்ற அவர், 2025 ஜூனில் தம் 99-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய பாட்டு முறையைப் புரிந்துகொள்ள, அது பிறந்த நடவையும் களையெடுப்பையும் கும்மியையும் மனத்தில் கொள்ள வேண்டும். திறந்த வெளியில் வயலின் மறுகரைக்கும் கேட்கப் பாட வேண்டியிருப்பதால், குரல் குழைவதில்லை. கணீரென்று எழுந்து, அடியின் கடைசி எழுத்தில் நீண்டு, பிறகு இறங்குகிறது. மெட்டு மிகச் சிறியது, நாலைந்து சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. முன்பாட்டுப் பாடுபவர் ஓர் அடியைப் போட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடும் அந்தச் சில நொடிகளுக்குள் அவர் அடுத்த அடியைக் கட்டி முடித்துவிட வேண்டும். மோனையும் இயைபும் சொல்லை எடுத்துக் கொடுக்கும், சொல் எட்டாத இடத்தைத் 'தன்னன்னே' நிரப்பும். கவிஞர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடகர் ஒருவர் என்ற பிரிவினைக்கு இங்கே இடமே இல்லை. எதிரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு பேசுவதும் இந்த மரபின் குணம். படத்தில் அவர் பாடிய 'பேராண்டி'க்குப் பெயரே விளிச்சொல்தான். நம் செட்டிநாட்டு ஆச்சிமார், கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன அப்பச்சியையும் (அப்பாவையும்) அம்மான் சீரையும் பாடித் தாலாட்டும்போது, பிள்ளையின் பெயருக்கு ஏற்ப அடிகளை மாற்றிக் கட்டுவதும் இதே உத்திதான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கச்சேரி மேடையில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம் கானாடுகாத்தான்காரர். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் யாரும் கேட்காமலே தமிழில் ஒலித்துக்கொண்டிருந்த வயல்பாட்டு அந்த மேடைகளுக்குப் பெரும்பாலும் வெளியிலேயே நின்றது என்பது எனக்கு உறுத்துகிறது.

'ஆண்பாவம்' பாடல்களை ஒருமுறை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். பாட்டியின் குறும்பு பின்னுக்குப் போய், அவர் மூச்சு விடும் இடங்களும் தாளத்தைச் சற்றே முந்தும் சொற்களும் தெரியவரும். காளையார்கோவில், கொல்லங்குடிப் பக்கத்து வீடுகளில் எவரேனும் அவருடைய வானொலிப் பாடல்களைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். நாடா பழுதாகும் முன் அவற்றை எண்ணிம வடிவில் மாற்றித் தருகிறேன்.