நாமா, நாங்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ஒருவர் 'வீ வில் டிசைட் டுமாரோ' என்று எழுதுகிறார். செயற்கை நுண்ணறிவு இதைத் தமிழாக்கும்போது 'நாளைக்கு நாம் முடிவு செய்வோம்' என்று போடலாம், 'நாங்கள் முடிவு செய்வோம்' என்றும் போடலாம். முன்னது உங்களைப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. பின்னது வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் இந்த வேறுபாடே கிடையாது என்பதால் எந்திரம் ஊகிக்கிறது. ஊகித்தேன் என்று மட்டும் சொல்வதில்லை. 'என்னைச் சேர்க்கவில்லையா?' என்று படிக்கிறவர் மனம் நோகிறார். எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது.

பிழை வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் மொழிபெயர்த்தாலும் வரும். ஆனால் எதிரில் இருக்கும் துபாஷி, சந்தேகம் வந்தால் 'இவர்களையும் சேர்த்துத்தானே சொல்கிறீர்கள்?' என்று திரும்பிக் கேட்பார். எந்திரம் கேட்காமலே சரளமாக எழுதிவிடுகிறது. அந்தச் சரளத்தில் நமக்கும் சந்தேகம் எழுவதில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

2017 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். மேற்குக் கரையில் பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஒருவர், புல்டோசரில் சாய்ந்து நிற்கும் தன் படத்தை முகநூலில் போட்டு, அரபியில் காலை வணக்கம் சொல்லியிருந்தார். முகநூலின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் 'அவர்களைத் தாக்குங்கள்' என்று மாற்றியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்தது. அரபி தெரிந்த அதிகாரி எவரும் மூல வரியை அதற்கு முன் படித்துப் பார்க்கவில்லை என்று செய்திகள் வந்தன. சில மணி நேரம் கழித்து விடுவித்தார்கள். முகநூல் மன்னிப்புக் கேட்டது. ஒரு காலை வணக்கத்துக்காக ஒரு மனிதர் காவலில் உட்கார்ந்திருந்தார்.

செயற்கை நுண்ணறிவு அறநெறி பற்றிய யுனெஸ்கோவின் பரிந்துரையை 2021 நவம்பரில் 193 உறுப்பு நாடுகள் ஏற்றன. வெளிப்படைத்தன்மை, மனித மேற்பார்வை இரண்டுமே அதில் இருக்கின்றன. சரி, மொழிபெயர்ப்பில் வெளிப்படைத்தன்மை என்றால் என்ன? மூல வரி கூடவே தெரிய வேண்டும். எங்கே ஊகித்தது என்பதும் தெரிய வேண்டும். நடக்காத காரியமில்லை. துருக்கிய மொழியில் 'ஓ' என்ற சொல் அவன், அவள் இரண்டுக்கும் பொது. கூகுளின் மொழிபெயர்ப்பு அதை ஆங்கிலத்தில் அவன், அவள் என்பதில் ஏதோ ஒன்றாக மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. 2018 இறுதியில், சில வாக்கியங்களுக்கு இரண்டையும் காட்டத் தொடங்கினார்கள்.

நம் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் அதே மரியாதை வேண்டும். அனுப்பும் முன் எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: 'படிப்பவரையும் சேர்த்தா?'