கப்பல்காரர் மகளின் பேனா

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

1969 ஏப்ரல் மாதம். ஆஸ்கர் மேடை. சிறந்த துணை நடிகை விருதை வாங்க, உருவத்தில் சிறிய ஒரு பெண்மணி ஏறி வருகிறார். வயது 72. சிலையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இப்படி ஒன்று கிடைத்தால் எவ்வளவு ஊக்கமாக இருக்கிறது, சொல்லி முடியாது" என்கிறார். அரங்கம் சிரிப்பில் அதிர்கிறது. முதல் படத்தில் தலைகாட்டியது 1915-இல், இப்போது 1969, ஏன் இவ்வளவு நாள் ஆனது என்றுதான் தெரியவில்லை என்று தொடர்கிறார்.

அவர் ரூத் கார்டன். அந்தப் பாட்டியைப் பலருக்குத் தெரியும். அந்த 54 வருடங்களுக்கு நடுவே ஒரு வசனகர்த்தா இருந்தார். அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1896-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குயின்சி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கப்பலில் இருந்தவர். பிறகு தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டார். பாஸ்டனில் ஓர் இசை நாடகம் பார்த்தபோதே, நடிகையாவது என்று பெண் முடிவு செய்துவிட்டாள். நியூயார்க் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு வருடம் முடிந்ததும், 'உனக்கு இது வராது' என்று அனுப்பிவிட்டார்கள். 1915-இல், பள்ளி வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பெண் 'பீட்டர் பான்' நாடகத்தில், நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் மேடை ஏறினாள்.

கால்கள் கொஞ்சம் வளைந்திருந்தன. 1920-இல் சிகாகோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு கால்களையும் உடைத்து நேராக்கிக்கொண்டார். அந்தக் காலத்து மருத்துவத்தை நம்பி ஒரு இளம்பெண் இதற்குச் சம்மதித்தாள் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

மேடையில் பெரிய பெயர் வந்தது. லண்டன் ஓல்டு விக் நாடக அரங்கம் வரை போய் நடித்தார். சினிமாதான் கை கொடுக்கவில்லை. 1940-இல் லிங்கனின் மனைவியாக நடித்தார், இன்னும் சில வேடங்கள், அவ்வளவுதான். 1942-இல் தன்னைவிட 16 வயது இளையவரான எழுத்தாளர் கார்சன் கானினைக் கல்யாணம் செய்துகொண்டார். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து திரைக்கதை எழுத உட்கார்ந்தார்கள்.

முதலில் வந்தது 1947-இல் 'எ டபுள் லைஃப்'. ஷேக்ஸ்பியர் நாடகத்தில், சந்தேகத்தால் மனைவியைக் கொல்லும் ஒத்தெல்லோவாக நடிக்கும் நடிகன், வேடத்தைக் கழற்ற முடியாமல் அதற்குள்ளேயே மூழ்கிப்போகிறான். ஒப்பனை அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு. அந்த நடிகனாக நடித்த ரொனால்ட் கோல்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அடுத்தது 'ஆடம்ஸ் ரிப்', 1949. இதன் விதை ஒரு நிஜச் சம்பவம். லிங்கன் படத்தில் இவரோடு நடித்த ரேமண்ட் மாஸி விவாகரத்து செய்தபோது, இரு தரப்புக்கும் வாதாடிய வக்கீல்கள் கணவன் மனைவி. வழக்கு முடிந்ததும் அந்த வக்கீல்களும் பிரிந்து, ஆளுக்கொரு கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள்! இந்தப் பொறியிலிருந்து, ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்கும் தம்பதியை எடுத்தார்கள். ஸ்பென்சர் ட்ரேசி அரசுத் தரப்பு; கேத்தரின் ஹெப்பர்ன் எதிர்த்தரப்பு. சந்தேகப்பட்டுக் கணவனைச் சுட்ட ஒரு பெண்ணின் வழக்கு. நீதிமன்றத்தில் பென்சில் கீழே விழுகிறது. எடுப்பது போலக் குனிந்து, மேசைக்கு அடியில் இருவரும் கண்ணால் கொஞ்சிக்கொள்கிறார்கள். மேலே சட்டம், கீழே சம்சாரம். நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் முகம் மலர்ந்துவிடும்.

1952-இல் 'பேட் அண்ட் மைக்'. ஆக மூன்று திரைக்கதைகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை. ஒன்றுக்கும் விருது இல்லை. கொடுத்திருக்க வேண்டும்.

இவர் தனியாக எழுதியதில் என் மனதைத் தொட்டது 'தி ஆக்ட்ரஸ்', 1953. சொந்தக் கதை. மகள் நடிக்கப் போவதை மறுக்கும் அப்பா கடைசியில் இறங்கி வருகிறார். கையில் பணம் இல்லை. கப்பல் நாட்களிலிருந்து பொக்கிஷமாக வைத்திருந்த தொலைநோக்கியை எடுத்து, நியூயார்க்கில் விற்றுக்கொள் என்று மகளிடம் நீட்டுகிறார். 'ஆசீர்வாதம்' என்ற சொல்லே அங்கு தேவைப்படவில்லை. அந்த அப்பாவாக ட்ரேசியே நடித்தார்.

பிறகு நடிகை திரும்பி வந்தார். 1968-இல் 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற திகில் படத்தில் பக்கத்து வீட்டு மின்னி. வாயாடி, வம்புக்காரி, கிண்ணத்தில் இனிப்பைக் கொண்டுவந்து நீட்டும்போது நமக்கு முதுகு சில்லிடுகிறது. பேச்சுக்கு நடுவே எங்கே மூச்சு விட வேண்டும் என்று வசனம் எழுதியவருக்குத் தெரியாதா? அதற்குத்தான் அந்த ஆஸ்கர்.

1971-இல் 'ஹெரால்ட் அண்ட் மோட்'. சாவையே நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு வாழக் கற்றுத்தரும் 79 வயதுக் கிழவி. படம் வந்தபோது ஓடவில்லை. ஆனால் மினியாபோலிஸ் பக்கத்தில் ஒரு தியேட்டரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. படத்தை மாற்று என்று அக்கம்பக்கத்து ஜனங்களே பலகை பிடித்து நின்றார்களாம்!

1985 ஆகஸ்டில், 88 வயதில் காலமானார். கடைசி நாளிலும் நடை, பேச்சு, சில்லறை வேலைகள் எல்லாம் இருந்ததாகக் கானின் சொன்னார். அன்று காலையில் ஒரு புது நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.