மனசாட்சிக்குத் தனி ரூம் வேணுமா?

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேரம் காயின் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், கீழே பசங்க போர்டைப் போட்டுவிட்டார்கள்.

செய்த பாவம் மனசை அரிக்கிற ஆளைத் திரையில் எப்படிக் காட்டுகிறார்கள்? பழைய படங்களில் ஹீரோ கண்ணாடி முன்னால் நிற்பார், உள்ளேயிருந்து இன்னொரு ஹீரோ கை நீட்டித் திட்டுவார், வெளியே இடி இடிக்கும். மனசாட்சி ஆஜர்.

வெளிநாட்டில் அதற்கு ஒரு ரூம் கொடுத்துவிடுகிறார்கள். பால் ஷ்ரேடரின் 'ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்' (2017) பாருங்கள். ஈதன் ஹாக் பாதிரியார். அவர் பேச்சைக் கேட்டு ராணுவத்தில் சேர்ந்த மகன் இராக்கில் செத்துவிட்டான். ராத்திரியானால் மேஜை, நோட்டு, பக்கத்தில் விஸ்கி. எழுதுவது நமக்குக் குரலாகக் கேட்கிறது. ஃப்ரேமே பழைய டிவி மாதிரி கிட்டத்தட்ட சதுரம். அருமையான படம்தான். ஆனால் எனக்கு முதலில் வந்தது பொறாமை. ஒரு ஆளுக்கு இவ்வளவு காலி வீடா! எங்கள் பக்கம் ஒரே ரூமில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் டைரி எழுதினால், "யாருக்குடா லெட்டர்?" என்று அம்மா கேட்பார்.

அதனால்தான் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) எனக்கு நெருக்கம். கூலிக்குக் கொலை செய்கிறவன் தவறுதலாக ஓர் அப்பாவியைக் கொன்றுவிடுகிறான். அப்புறம் செத்தவன் குடும்பத்தையே காப்பாற்றித் திரிகிறான். போலீஸ் ஒரு பக்கம், ரவுடிகள் ஒரு பக்கம் துரத்த, ராத்திரி கல்லறைத் தோட்டத்தில்தான் வாயைத் திறக்கிறான். கேட்பது பார்வையில்லாத ஒரு குழந்தை. அவளுக்கு ஓநாய்க் கதை சொல்கிற சாக்கில் தன் கொலையைச் சொல்கிறான். ஃப்ளாஷ்பேக் கிடையாது, கட் கிடையாது, ஒரே ஷாட். நடிப்பதும் மிஷ்கின்தான், அந்த முகத்தை நம்பியே காட்சி ஓடுகிறது.

கவனியுங்கள், நேராகச் சொல்ல அவனால் முடியவில்லை. ஓநாய் மேல் போட்டுத்தான் சொல்கிறான். நம்ம தெருவிலும் அப்படித்தானே? "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான்..." என்று ஒருவர் இழுத்தால், அந்த ஒருத்தன் யாரென்று டீக்கடைக்கே புரிந்துவிடும்.

'ஆடுகளம்' (2011) படத்தில் சேவல்சண்டை குருவாக வரும் பேட்டைக்காரனுக்கு அந்த வழியும் இல்லை. சிஷ்யனுக்குச் செய்த துரோகத்தின் குட்டு உடைந்ததும் மன்னிப்புக்கூடக் கேட்காமல் உயிரை விட்டுவிடுகிறார். நடித்தது ஜெயபாலன், டப்பிங் குரல் ராதாரவி. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

எங்கள் அகஸ்தியா தியேட்டரும் 2020-ல் மூடிவிட்டது, கல்லறைக் காட்சியை நீங்கள் ஃபோனில்தான் பார்க்கப்போகிறீர்கள். சரி, ஹெட்போன் போட்டு, தயவுசெய்து ஓட்டிவிடாமல் பாருங்கள்.