புல்லும் நெருப்பும் பைசனும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பாஹஸ்கா என்று ஒரு சிற்றூர் வரும். ஓசேஜ் பழங்குடி மக்களின் தலைநகர் அது. அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே கடை கண்ணி கிடையாது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது. கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்து சரளைக்கல் பாதை தொடங்கும். பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் மேடும் பள்ளமுமாகப் புல்தான்.

இதுதான் டால்கிராஸ் பிரெய்ரி, அதாவது உயரப் புல்வெளி, காப்பகம். நேச்சர் கன்சர்வன்சி என்ற தொண்டு அமைப்பு 1989-இல் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையை விலைக்கு வாங்கி இதை உருவாக்கியது. இன்று ஏறக்குறைய 39,000 ஏக்கர். உள்ளே போகக் கட்டணம் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை யார் வேண்டுமானாலும் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் முதலில் போனேன். ஆனால் இன்றைக்கு உங்களிடம் நான் சொல்ல விரும்புவது, பைசன் நிற்கிற தரையையும் சேர்த்துப் பாருங்கள் என்பதைத்தான்.

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், இன்றைய 14 மாநிலங்களின் பரப்பில், ஒரு காலத்தில் இந்த உயரப் புல்வெளி பரவிக் கிடந்தது. இப்போது மிச்சமிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் மக்காச்சோள வயலும் சோயா வயலுமாகிவிட்டது. வேர்கள் ஆழமாக இறங்கி, மக்கி, பல்லாயிரம் ஆண்டுகளாக உருவாக்கிய கருமண். உழவனுக்கு அதைவிட நல்ல மண் கிடைக்குமா? அப்படியானால் ஓசேஜ் மண் மட்டும் எப்படித் தப்பியது? இங்கே மேல்மண் கனமில்லை. ஒரு சாண் தோண்டினாலே பல இடங்களில் சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் தட்டும். ஏர் இறங்கவில்லை. அதனால் இது மேய்ச்சல் நிலமாகவே நின்றுவிட்டது. கல்லுக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

காப்பகம் அமைந்ததும் 1993-இல் 300 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அந்த மந்தை 2,000-ஐத் தாண்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கையின் அருமை புரிய வேண்டுமென்றால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் கண்டத்தில் ஒரு காலத்தில் பைசன்கள் மூன்று கோடியிலிருந்து ஆறு கோடி வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ரயில் பாதை வந்தது. 1870-களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதப்படுத்தித் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு பெல்ட் செய்யும் முறையும் வந்தது. தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை வெயிலில் அழுக விட்டார்கள். பைசனை நம்பி வாழ்ந்த பழங்குடிகள் இதனால் பணிந்துவிடுவார்கள் என்று ராணுவ அதிகாரிகள் பலர் இதை வரவேற்றார்கள். வில்லியம் ஹார்னடே என்ற விலங்கியலாளர் 1889-இல் கணக்கெடுத்தபோது, கண்டம் முழுவதும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சமிருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

அதே ஹார்னடே பிற்பாடு நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் பைசன்களை வளர்த்து, 1907-இல் 15 பைசன்களை ரயிலேற்றி ஓக்லஹோமாவின் தென்மேற்கிலுள்ள விச்சிட்டா மலைக்கு அனுப்பினார். வந்திறங்கிய பைசன்களைக் காண கமாஞ்சி பழங்குடி மக்களும் அவர்கள் தலைவர் குவானா பார்க்கரும் கூடி நின்றார்கள். குழந்தையாக இருந்தபோது பைசன் மந்தைகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர்.

சரி, புல்லுக்கு வருவோம். இங்கே ஆண்டுதோறும் வேண்டுமென்றே தீ வைப்பார்கள். மொத்தமாக அல்ல, துண்டு துண்டாக, காற்றும் ஈரமும் பார்த்து, ஆட்களும் தண்ணீர் வண்டிகளும் காவல் நிற்க. கரியாகக் கிடந்த தரையில் சில வாரங்களில் இளம்பச்சை துளிர்க்கும். பைசன் மந்தை அந்தத் தளிரைத் தேடிப் போய்விடும். அது மேய்ந்த இடத்தில் புல் குட்டையாகவே இருப்பதால் அடுத்த ஆண்டு அங்கே எரிய ஒன்றும் இருக்காது. மந்தை விலகிப்போன இடத்தில் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து, அடுத்த தீக்குத் தயாராகும். இப்படி நெருப்பும் வாயும் மாறி மாறி வேலை செய்கின்றன. மின்னல் வைத்த தீயும் பழங்குடிகள் வைத்த தீயும் அந்தக் காலத்தில் செய்ததைத்தான், ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இங்கே திரும்பச் செய்கிறார்கள்.

இதனால் என்ன கிடைக்கிறது? குட்டைப் புல் கேட்கிற பறவைக்கு ஓர் இடம், அடர்ந்த பழம்புல்லில் கூடு கட்டுகிற குருவிக்கு இன்னோர் இடம். பிரெய்ரிக் கோழிச் சேவல்கள் வசந்தகால விடியலில் கழுத்துப் பையை உப்பவைத்து ஆடுவது குட்டைப் புல்லில்தான். அப்புறம் பூக்கள். பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் தின்னும், பூச்செடிகளை அவ்வளவாகத் தொடாது. புல் குறைந்தால் பூச்செடிக்கு வெயில் கிடைக்கும். பக்கத்து கான்சாஸ் மாநிலத்தில் கான்சா பிரெய்ரி என்ற ஆய்வு நிலத்தில் சுமார் 30 ஆண்டுகள் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள்: பைசன் மேய்ந்த இடத்தில் நாட்டுத் தாவர வகைகள், மேயாத இடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காரில் போகும்போது தரையில் வட்ட வட்டமாகப் புல்லில்லாத பள்ளங்கள் தெரியும். பைசன் புரண்டு புரண்டு உண்டாக்கியவை அவை. மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் தேங்கினால் வேறு செடிகளும் சிற்றுயிர்களும் குடியேறும். குழந்தைகளோடு போனால் அந்தப் பள்ளங்களைத் தேடச் சொல்லுங்கள். பைசனே கண்ணில் படாத நாளிலும் இந்தத் தேடல் வீண்போகாது.

ஒன்றிரண்டு எச்சரிக்கை. காளை 900 கிலோ வரை எடையிருக்கும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வால் நிமிர்ந்தால் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையை மறித்து நின்றால் காரை நிறுத்தி, அது நகரும் வரை பொறுத்திருங்கள். ஹார்ன் வேண்டாம், இறங்கிப் போய் படம் எடுக்கவும் வேண்டாம்.

வழியில் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். நிலத்துக்கடியில் உள்ள எண்ணெய் உரிமை ஓசேஜ் மக்களுடையது. அந்த உரிமைக்காகவே 1920-களில் அவர்களில் பலர் கொலை செய்யப்பட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். 2016-இல் ஓசேஜ் மக்களின் தன்னாட்சி அரசான ஓசேஜ் நாடு, சி.என்.என். தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரிடமிருந்து 43,000 ஏக்கர் பண்ணையை வாங்கித் தன் நிலத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் அதே பிராங்க்ஸ் காட்சிசாலையிலிருந்து அவர்களுக்கும் பைசன்கள் வந்திருக்கின்றன.

எப்போது போவது என்று கேட்பீர்கள். செம்பழுப்புக் கன்றுகளைப் பார்க்க மே மாதம். காளைகள் முட்டி மோதி உறுமுவதைக் கேட்க ஜூலை, ஆகஸ்ட். வெயில் கடுமையாக இருக்கும். புல் தன் முழு உயரத்தில் செம்பு நிறமேறி நிற்பதைப் பார்க்க செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள்.

நன்றி, வணக்கம்.