வாசற்படியிலிருந்து மருத்துவமனை வரை: முதியோருக்கான நகரைத் திட்டமிடுதல்

[காட்சி: காலை வேளையில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன். லிட்டில் இந்தியாவில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கைத்தடியுடன் நடந்து செல்லும் முதியவர்கள்.]

வணக்கம். மலேசியாவில் 60 வயதை எட்டியவர்களை மூத்த குடிமக்கள் என்று அரசாங்கம் கணக்கிடுகிறது. 2030ஆம் ஆண்டுவாக்கில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் அந்த வயதில் இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. மூத்தோர் விகிதம் கூடுதலாக உள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. இங்கே குழந்தைப் பிறப்பு நீண்ட காலமாகவே குறைவு. பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடுகளை நம் உறவினர் வட்டத்திலேயே பார்க்கிறோம்.

முதியோர் நலன் என்றதும் உதவித்தொகை, முதியோர் இல்லம், மருந்துச் செலவு ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. அவையும் தேவைதான். ஆனால் இந்தக் காணொளி கேட்கும் கேள்வி வேறு. ஒரு முதியவர் தம் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போய், யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் திரும்பி வர முடிகிறதா? முடியவில்லையென்றால் எந்த இடத்தில் தடைபடுகிறது? நகரத் திட்டமிடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

[காட்சி: உலக வரைபடம். நகரங்களைக் குறிக்கும் புள்ளிகள்.]

உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 33 நகரங்களில் முதியோரையே அமரவைத்து, உங்கள் ஊரில் எது எளிது, எது கடினம் என்று கேட்டுத் தொகுத்த வழிகாட்டி அது. பொதுவெளிகளும் கட்டடங்களும், போக்குவரத்து, வீட்டுவசதி, சமூக வாழ்வில் பங்கேற்பு, மரியாதை, வேலைவாய்ப்பு, தகவல் தொடர்பு, சுகாதாரச் சேவை என எட்டுத் துறைகளை அது வகுத்தது. 2010இல் அந்த நிறுவனம் தொடங்கிய நகரங்களின் வலையமைப்பில் மலேசியாவிலிருந்து தைப்பிங்கும் ஈப்போவும் இணைந்துள்ளன.

எட்டுத் துறைகளையும் தனித்தனியாக விளக்கினால் பாடப்புத்தகம்போல் ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு பயணத்தைப் பின்தொடர்வோம்.

[காட்சி: லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்பு. படிக்கட்டின் கைப்பிடி நெருக்கத்தில்.]

74 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியின் மேல்தளத்தில் குடியேறியவர். நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. மருத்துவப் பரிசோதனைக்காகப் பினாங்குப் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் தடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நான்கு தளங்கள் இறங்க ஏறத்தாழ அறுபதுக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவதைவிடத் திரும்பி வரும்போது காய்கறிப் பையுடன் ஏறுவதுதான் வேதனை. ஆகவே அவர் வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார். முதலில் சந்தையை நிறுத்துகிறார், பிறகு கோயிலை, கடைசியில் மருத்துவமனையையும் தள்ளிப்போடுகிறார். சிங்கப்பூர் தன் பொதுக் குடியிருப்புகளில் எல்லாத் தளங்களிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றும் பெருந்திட்டத்தை 2001இல் தொடங்கியது. அந்த அளவு செலவு செய்ய இயலாவிட்டாலும், தரைத்தள வீடுகளை முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் ஒதுக்கி வைப்பதற்கும், மேல்தளத்தில் உள்ள முதியவர் கீழே இடம் மாறிக்கொள்ள முறையான ஏற்பாடு செய்வதற்கும் பெரும் பணம் தேவைப்படாது.

லிஃப்ட் உள்ள இடங்களிலும் நிம்மதி இல்லை. பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காக வசூலாகாத குடியிருப்பில் லிஃப்ட் பழுதடைந்தால், அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி அதைச் சரிசெய்யும் பொறுப்பு குடியிருப்பாளர்களின் நிர்வாக அமைப்பைச் சேர்ந்தது. கையில் பணமில்லாத அமைப்பு எத்தனை நாளில் சரிசெய்யும் என்பதை அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

[காட்சி: சாலைக் கடப்பு. பச்சை விளக்கு ஒளிர்ந்து சிமிட்டத் தொடங்குகிறது.]

அம்மா இப்போது சாலையைக் கடக்க வேண்டும். இங்கே ஒரு சிறிய கணக்கைக் கவனியுங்கள். பாதசாரி விளக்கின் நேரத்தை நிர்ணயிக்கும்போது, ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வது பல நாடுகளில் பொறியாளர்களின் வழக்கம். 12 மீட்டர் அகலச் சாலை என்றால் 10 விநாடி போதும். முழங்கால் வலியுள்ள ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்றால் அவருக்கு 15 விநாடி வேண்டும். குறைகிற அந்த ஐந்து விநாடிக்குள் அவர் நடுச்சாலையில் நிற்கிறார். விளக்கு மாறியதும் முதலில் சீறிப் புறப்படுபவை மோட்டார்சைக்கிள்கள்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. சிங்கப்பூரில் 2009இல் பரிசோதனையாகத் தொடங்கிய திட்டத்தின்படி, முதியவர் தம் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால், கடப்பின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிகள் வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். மற்ற நேரங்களில் வாகன ஓட்டத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பினாங்கில் மருத்துவமனை, சந்தை, வழிபாட்டுத் தலங்கள் ஆகியவற்றின் அருகிலுள்ள கடப்புகளிலாவது இதைத் தொடங்கலாம்.

அடுத்து பேருந்து. ரேப்பிட் பினாங்கு பேருந்துகளில் மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. படகுத்துறைக்கும் நகர மையத்திலுள்ள கொம்தார் கட்டடத்துக்கும் இடையே இலவசச் சுற்றுப் பேருந்தும் ஓடுகிறது. தாழ்தளப் பேருந்துகளும் இருக்கின்றன. எனினும் பேருந்து எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், நிறுத்தத்தில் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தால் ஓட்டுநர் பேருந்தை நடைமேடையோடு ஒட்டி நிறுத்த முடியாது. அம்மா சாலையில் இறங்கி நின்று, அங்கிருந்து காலைத் தூக்கி ஏறவேண்டியதாகிறது. காத்திருக்கும் இருக்கையும் அப்படித்தான். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமும், ஊன்றி எழக் கைப்பிடியும், மேலே நிழலும் இருந்தால் அது முதியவருக்கான இருக்கை. சாய்ந்து நிற்க மட்டுமே உதவும் வழுக்கலான இரும்புக் குழாய் யாருக்கான இருக்கை என்று விளங்கவில்லை.

[காட்சி: அஞ்சடி. வரிசையாக நிற்கும் கடைவீடுகள். தரையின் உயர வேறுபாடு நெருக்கத்தில்.]

மருத்துவமனை வேலை முடிந்தது. திரும்பும் வழியில் கடைத்தெருவில் அவருக்குக் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டும். இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஜார்ஜ்டவுனின் மிகச் சிறந்த முதியோர் வசதி ஏற்கெனவே கட்டப்பட்டு நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு நீளும் நடைவழியைத்தான், நாம் அஞ்சடி என்று சொல்வதைத்தான், குறிப்பிடுகிறோம். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இந்த ஊரில், வாகனங்களிலிருந்து விலகி நிழலிலேயே நடந்து போக நம் முன்னோர்களுக்குக் கிடைத்த ஏற்பாடு இது.

ஆனால் அது இன்று தொடர்ச்சியாக இல்லை. ஒரு கடையின் முன் தரை ஒரு சாண் உயரம், அடுத்த கடையின் முன் இரண்டு படி இறக்கம், அதற்கடுத்த கடைக்காரர் பளபளப்பான ஓடு பதித்திருக்கிறார், மழை நாளில் அதில் கால் வைக்கவே பயம். ஓரிடத்தில் மோட்டார்சைக்கிள்கள், இன்னோரிடத்தில் அரிசி மூட்டைகள், சில இடங்களில் வழியையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் தவிர்க்கச் சாலையில் இறங்கினால் நடுவே சாக்கடை. மூடியின் இரும்புக் கம்பிகளுக்கு இடையில் உள்ள இடைவெளி கைத்தடியின் முனை உள்ளே இறங்கும் அளவுக்கு அகலம். 65 வயதுக்கு மேற்பட்டோரில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் இப்படிப்பட்ட இரும்பு மூடிகளுக்கு மேல்தான் நடக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. ஆகவே எதையும் இடித்துக் கட்ட முடியாது, இடிக்கவும் கூடாது. அடைப்புகளை அகற்றுவதும், உயரம் மாறும் இடங்களில் மென்சரிவு அமைப்பதும், சாக்கடை மூடிகளை மாற்றுவதும் பாரம்பரியத்துக்கு எதிரானவை அல்ல. மாறாக, அஞ்சடியை அதன் பழைய பயனுக்கே மீட்பவை. சரிவுப்பாதை எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம் என்பதற்கு எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை உண்டு. ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. இதைவிடச் செங்குத்தான, பெயரளவுக்குப் போட்ட சிமென்ட் சரிவுகளைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அதன் அபாயம் தெரியும்.

[காட்சி: ஒரு தெருவின் வரைபடம். பகுதிகள் வெவ்வேறு நிறங்களில்.]

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். அம்மா நடந்த வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அதிகாரம். படிக்கட்டு குடியிருப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. சாலைகளில் சில பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவை, சில மாநகர் கழகத்தைச் சேர்ந்தவை. பேருந்து நிறுவனமும் மருத்துவமனையும் கூட்டரசின் கீழ் வருகின்றன. அஞ்சடிக்குக் கடை உரிமையாளரும் பொறுப்பு. ஒவ்வொருவரும் தம் பகுதியைச் சரியாகச் செய்துவிட்டதாக அறிக்கை எழுத முடியும். பகுதிகள் சேரும் இடத்தில் யாரும் நிற்பதில்லை. நூறு மீட்டர் நல்ல நடைபாதைக்குப் பின் ஒரே ஒரு உயரப் படி இருந்தால், முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த நூறு மீட்டரும் இல்லாததற்குச் சமம்.

பினாங்கின் முத்தியாரா எல்.ஆர்.டி. இலகு ரயில் தடத்தின் பணிகள் 2025இல் தொடங்கியிருக்கின்றன. நிலையங்களுக்குள் லிஃப்டும் சரிவுப்பாதையும் அமையும். நிலைய வாசலுக்கும் சுற்றியுள்ள தாமான்களுக்கும், அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கும், இடையிலான சில நூறு மீட்டரையும் இப்போதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு பன்மடங்காகும்.

தகவலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சந்திப்பு நேரம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் கைப்பேசிச் செயலிகளுக்குள் போய்விட்ட காலம் இது. தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு தலைமுறைக்கு முகப்பில் ஓர் ஆளும், தமிழில் ஓர் அறிவிப்புப் பலகையும் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். சமூக நலத் துறை ஆதரவில் மூத்த குடிமக்களுக்கான நடவடிக்கை மையங்கள் இயங்குகின்றன. அங்கே போகப் பேருந்து இல்லாத தாமான்களில், காலை வேளையில் காலியாக இருக்கும் கோயில் மண்டபங்களைப் பயன்படுத்தினால் என்ன? தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏற முடியாதவர்களும் தங்கள் தாமான் கோயிலுக்கு நடந்து வந்துவிடுவார்கள்.

[காட்சி: முதியவர்கள் குழுவாக நடந்து, அளவு நாடாவால் படியை அளக்கிறார்கள்.]

இனி நாம் செய்யக்கூடியதைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம், நேரில் விளக்கவும் வாய்ப்புக் கேட்கலாம். கோயில் நிர்வாகமோ குடியிருப்பாளர் சங்கமோ நான்கு முதியவர்களை அழைத்துக்கொண்டு, அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில் அவர்களுடைய வேகத்திலேயே ஒரு முறை நடந்து பாருங்கள். அளவு நாடாவும் கைப்பேசியும் போதும். எந்தக் கடை முன் எத்தனை அங்குலப் படி, எந்தக் கடப்பில் எத்தனை விநாடி, எந்த நிறுத்தத்தில் இருக்கை இல்லை என்பதைப் படத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். ‘முதியோருக்கு வசதி செய்து தாருங்கள்’ என்று பொதுவாக எழுதும் கடிதம் கோப்பில் உறங்கிவிடும். ‘இந்தக் கடப்பின் அகலம் 12 மீட்டர், பச்சை விளக்கு 10 விநாடி, எங்களுக்கு 15 விநாடி வேண்டும்’ என்று எழுதும் கடிதத்துக்கு அதிகாரி ஒருவர் ஆம் என்றோ, ஏன் இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தில் நடந்து பார்த்த முதியவர்களே முதல் கையெழுத்துப் போடட்டும்.